லோங்காங்கில் ஊற்றும் மூலிகைச் சாறு: அறிக்கையில் இருக்கும் அந்த ‘34’ என்ன சொல்கிறது?

டிங்கி பரவும் மாதங்களில் பினாங்கில் இரண்டு விதமான புகை வரும். ஒன்று, சுகாதாரத் துறையினர் தாமான் தாமானாக அடிப்பது. இன்னொன்று வாட்ஸ்அப்பில் வருவது: வேம்பு, செரை, வெற்றிலை, பப்பாளி இலை என்று ஏதாவது ஒரு செடியின் சாறு, பாட்டில் படம், விலை, ‘நூறு விழுக்காடு இயற்கை’ என்ற வரி. சில சமயம் கூடவே ஒரு பரிசோதனைத் தாளும் இணைந்து வரும். அதில் ‘டாஃப்னியா, 48 மணி நேர இசி50: லிட்டருக்கு 34 மில்லிகிராம்’ என்பது போல ஒரு வரி. அதற்குக் கீழே தடித்த எழுத்தில் ‘நீர்வாழ் உயிர்களுக்குப் பாதுகாப்பானது’.

34 என்பது கூடுதலா, குறைவா? மேலே உள்ள எண்ணுக்கும் கீழே உள்ள வாசகத்துக்கும் சம்பந்தம் உண்டா? அடிப்படையிலிருந்தே போவோம். இந்தக் கட்டுரையில் வரும் 34 ஓர் எடுத்துக்காட்டு எண் மட்டுமே. எந்தக் கடைப் பொருளையும் அது குறிக்கவில்லை.

## லோங்காங்கில் யார் குடியிருக்கிறார்கள்?

நம் ஊர் லோங்காங் கழிப்பறைக் குழாயோடு சேர்ந்தது அல்ல. மழைநீர் வடிகால் அது. சுத்திகரிப்பு நிலையம் எதையும் பார்க்காமல் நேராக ஆற்றுக்குப் போகிறது. ஆயர் ஈத்தாம் பக்கம் ஊற்றுவது சுங்கை ஆயர் ஈத்தாமில் சேர்ந்து, அங்கிருந்து சுங்கை பினாங்கில் கலந்து கடலுக்குப் போகும்.

கறுப்பாக ஓடும் தண்ணீரிலும் உயிர்கள் உண்டு. கொஞ்சம் தெளிந்த ஓடையில் இன்னும் அதிகம். மீன் கண்ணில் படும், மற்றவை படாது. மீன்குஞ்சுக்குப் போட அக்வேரியம் கடையில் பிளாஸ்டிக் பையில் கட்டித் தருகிறார்களே, தூசி போலத் துள்ளும் பூச்சி, அது மொய்னா. மலாயில் ‘கூத்து ஆயர்’, அதாவது தண்ணீர்ப் பேன். கால்விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண்ணுக்கும் அதே பெயர்தான் என்பதால் மருந்துக் கடையில் கேட்டால் வேறொன்று கிடைக்கும். அப்புறம் ‘ரத்தப் புழு’ என்று விற்கிறார்களே, அது ஒரு வகைக் கடிக்காத ஈயின் புழுப் பருவம். இவற்றோடு நத்தைகள், கண்ணாடி போன்ற சிறு இறால்கள், தும்பியின் நீர்ப்பருவக் குஞ்சுகள், மீசோசைக்ளோப்ஸ் போன்ற துடுப்புக்காலிகள்.

முதுகெலும்பில்லாத இந்தக் கூட்டம் பாசியையும் அழுகலையும் தின்கிறது. மீன் இவற்றைத் தின்கிறது. கடைசியாகச் சொன்ன இரண்டையும் மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தும்பிக் குஞ்சும் மீசோசைக்ளோப்ஸும் கொசுப்புழுவைத் தின்பவை. வியட்நாமில் டிங்கியைக் கட்டுப்படுத்த மீசோசைக்ளோப்ஸைத் தண்ணீர்த் தொட்டிகளில் வேண்டுமென்றே விட்டார்கள். கொசுவைக் கொல்ல ஊற்றுகிற சாறு முதலில் இவற்றைக் கொன்றால், நம் பக்கம் நின்ற படையை நாமே கலைத்தது போலத்தான்.

## செடிக்குள் ஏன் நஞ்சு?

செடியால் ஓட முடியாது. தின்ன வருவதை வேதிப்பொருளால்தான் விரட்ட வேண்டும். ஆகவே ‘செடியிலிருந்து எடுத்தது’ என்பது ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் சொல்லும். எதைச் செய்யும் என்பதைச் சொல்லாது.

இதற்கு மலேசியாவுக்கு வெளியே போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. தூபா வேரை இடித்து, பால் போல வரும் சாற்றை ஓடையில் விட்டு மீன் பிடிப்பது இங்கே பழைய வழக்கம். ‘பாலுக்குப் பதில் தூபா நீர் கொடுத்தான்’ என்று நன்றி கெட்டவனைச் சொல்லும் மலாய்ப் பழமொழி அதிலிருந்து வந்தது. அந்த வேரில் இருப்பது ரோட்டினோன். உயிரணு மூச்சுவிடும் சங்கிலியின் முதல் கண்ணியையே அது அறுத்துவிடுகிறது. செவுள் வழியாக நேராக ரத்தத்தில் ஏறுவதால் மீனுக்கு மிகச் சிறிய அளவே போதும். அதே மீனைச் சமைத்துத் தின்றவருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் நம் குடல் அதை எளிதில் உறிஞ்சுவதில்லை. ‘நான் குடித்தே காட்டுகிறேன்’ என்று பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்துக் காட்டும் விற்பனையாளர் உண்மையில் நிரூபிப்பது எதுவுமில்லை. மனிதனுக்குச் செவுள் கிடையாது.

நம்மிடமும் இந்த அறிவு இருந்தது. காக்காய்க்கொல்லி விதை என்று பெயர் வைத்தவர்கள் அதை மீன் பிடிக்கவும் பயன்படுத்தினார்கள். பெயரிலேயே எச்சரிக்கை ஒட்டியிருக்கிறது, லேபிள் தேவைப்படவில்லை.

எத்தியோப்பியாவில் 1964-இல் அக்லிலு லெம்மா என்ற ஆய்வாளர் ஓர் ஆற்றங்கரையில் ஒன்றைக் கவனித்தார். பெண்கள் எண்டோட் என்ற செடியின் காய்களைச் சோப்புக்குப் பதிலாகப் போட்டுத் துணி துவைத்த இடத்துக்குக் கீழே நத்தைகள் செத்துக் கிடந்தன. அந்த நத்தைகள் நத்தைக்காய்ச்சல் எனப்படும் ஒட்டுண்ணி நோயைப் பரப்புபவை. நுரை தரும் சப்போனின்தான் அவற்றைக் கொன்றது. அதே சப்போனின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் தேயிலை விதைப் பிண்ணாக்கிலும் இருக்கிறது. இறால் குளங்களில் வேண்டாத மீன்களை ஒழிக்க அதைப் போடுகிறார்கள்: மீன் சாகும், இறால் பிழைக்கும். ஒரே சாறு, ஒரே குளம், இரண்டு விதமான முடிவு. ‘நீர்வாழ் உயிர்களுக்கு’ என்று மொத்தமாகப் பேசுவது ஏன் அர்த்தமில்லாதது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

## குறுங்கால நச்சுச் சோதனை எப்படி நடக்கிறது?

உலகம் முழுக்க அதிகம் பயன்படுவது, ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பு வகுத்த ‘ஓஇசிடி 202’ என்ற வழிமுறை. 2004-இல் திருத்தப்பட்ட வடிவம். பார்ப்பதற்கு மிகச் சாதாரணமான வேலை. விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் சிறு கண்ணாடிக் குப்பிகளும், விளக்கும், பொறுமையும் போதும் போலத் தோன்றும். நுணுக்கம் எல்லாம் விதிகளில் இருக்கிறது.

1. சோதனை உயிர் டாஃப்னியா, மொய்னாவின் பெரிய உறவினர். பிறந்து 24 மணி நேரம் ஆகாத குஞ்சுகளை எடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். நல்ல சூழலில் தாய் ஆண் துணை இல்லாமலே ஈனுவதால் குஞ்சுகள் ஒன்றுக்கொன்று நகல் போல இருக்கும். முதல் ஈற்றுக் குஞ்சுகளைத் தவிர்ப்பார்கள்.

2. சாற்றைக் குறைந்தது ஐந்து செறிவுகளில் கரைக்க வேண்டும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 2.2 மடங்குக்கு மேல் இடைவெளி கூடாது. சாறு கலக்காத குப்பிகள் தனியாக, ஒப்பிட.

3. ஒரு செறிவுக்கு 20 குஞ்சுகள். வழக்கமாக நான்கு குப்பிகளில் ஐந்தைந்தாக. ஒரு குஞ்சுக்குக் குறைந்தது 2 மில்லிலிட்டர் தண்ணீர். உணவு கிடையாது. வெப்பம் 18 முதல் 22 டிகிரிக்குள்.

4. 24 மணி நேரத்திலும் 48 மணி நேரத்திலும் எண்ண வேண்டும்.

நான்காவது புள்ளியைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். குப்பியை மெதுவாகச் சுழற்றுகிறார்கள். நல்ல குஞ்சு உடனே துள்ளித் துள்ளி மேலே ஏறும். பாதிக்கப்பட்டது அடியிலேயே கிடக்கும். 15 விநாடிக்குள் நீந்தாவிட்டால் ‘அசைவிழந்தது’ என்று குறிக்க வேண்டும். மீசை மட்டும் ஆடினாலும் கணக்கு அதுதான். உடம்பு கண்ணாடி போல இருப்பதால் நுண்ணோக்கியில் இதயம் துடிப்பது தெரியும். செத்ததா, சாகப்போகிறதா என்று தீர்மானிப்பது கடினம் என்பதால்தான் சாவை எண்ணாமல் அசைவிழப்பை எண்ணுகிறார்கள். பாதியைக் கொல்லும் செறிவு என்றால் எல்சி50. பாதியை அசைவிழக்கச் செய்யும் செறிவு என்றால் இசி50.

குஞ்சைக் குப்பியில் விடுவதிலும் ஒரு கைப்பக்குவம் உண்டு. அகலமான வாயுள்ள பிப்பெட்டில் எடுத்து, நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தியபின் விட வேண்டும். மேலேயிருந்து சொட்டினால் ஓட்டுக்கு அடியில் காற்று புகுந்து, குஞ்சு மிதந்தபடியே மாட்டிக்கொள்ளும். சாறு எதுவும் செய்யாமலே ஒரு ‘பாதிப்பு’ கணக்கில் ஏறிவிடும்.

சோதனை செல்லுமா செல்லாதா என்று பார்க்கவும் அளவுகள் உண்டு. சாறு கலக்காத குப்பிகளில் பத்து விழுக்காட்டுக்கு மேல் அசைவிழந்திருந்தால் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி செய்ய வேண்டும். முடிவில் தண்ணீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஆக்ஸிஜனாவது இருக்க வேண்டும். அவ்வப்போது பொட்டாசியம் டைகுரோமேட் என்ற தெரிந்த நஞ்சைக் கொடுத்து, அதன் 24 மணி நேர இசி50 லிட்டருக்கு 0.6 முதல் 2.1 மில்லிகிராமுக்குள் விழுகிறதா என்று தங்கள் குஞ்சுகளின் தரத்தையே சரிபார்த்துக்கொள்வார்கள்.

## அந்த எண் எப்படி வருகிறது?

ஒரு கற்பனைச் சோதனை. ஒவ்வொரு செறிவிலும் 20 குஞ்சுகளில் 48 மணி நேரத்தில் அசைவிழந்தவை:

லிட்டருக்கு 6.25 மில்லிகிராம்: 0
12.5 மில்லிகிராம்: 2
25 மில்லிகிராம்: 7
50 மில்லிகிராம்: 14
100 மில்லிகிராம்: 20

பாதி என்றால் 10 குஞ்சுகள். அது 25-க்கும் 50-க்கும் நடுவே எங்கோ இருக்கிறது. செறிவுகள் மடங்கு மடங்காக ஏறுவதால் மடக்கை அளவில் இடைமதிப்பு காண வேண்டும். அப்படிப் பார்த்தால் ஏறக்குறைய 34. கூடங்களில் இதற்குப் புரோபிட் போன்ற புள்ளியியல் முறைகளைப் பயன்படுத்தி, எண்ணோடு அதன் பிழை எல்லையையும் சேர்த்துத் தருவார்கள்.

இரண்டு விஷயம் இங்கே தலைகீழாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. ஒன்று, இசி50 சிறியதாக இருந்தால் நஞ்சு கடுமை. பெரியதாக இருந்தால் மென்மை. மதிப்பெண் போல நினைத்தால் ஏமாறுவோம். இரண்டு, 34 என்பது பாதுகாப்பு எல்லை அல்ல. அந்த அளவில் பாதிக் குஞ்சுகள் விழுந்துவிட்டன. அதைவிடக் குறைந்த 12.5-இலேயே இரண்டு விழுந்திருக்கின்றன.

ஐ.நா.வின் உலகப் பொது வகைப்பாட்டில் குறுங்கால நீர்நச்சு மூன்று படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை முதல் படி, மிகக் கடுமை. 1-க்கு மேல் 10 வரை இரண்டாம் படி. 10-க்கு மேல் 100 வரை மூன்றாம் படி. 34 மூன்றாம் படியில் விழுகிறது. அந்தப் படிக்கு உரிய எச்சரிக்கை வாசகமே ‘நீர்வாழ் உயிர்களுக்குக் கேடானது’ என்பதுதான். அதே தாளின் கீழே ‘பாதுகாப்பானது’ என்று எழுதியவர் எண்ணைப் படிக்கவில்லை, அல்லது நாம் படிக்கமாட்டோம் என்று நம்பியிருக்கிறார்.

## எதனுடைய 34 மில்லிகிராம்?

ஒற்றை வேதிப்பொருளைச் சோதிப்பதற்கும் செடிச் சாற்றைச் சோதிப்பதற்கும் பெரிய வித்தியாசம் இங்கேதான். சாறு என்பது ஒரு பொருள் அல்ல, ஒரு கூட்டம். நூற்றுக்கணக்கான சேர்மங்கள் அதில் இருக்கலாம். ஆகவே ‘34 மில்லிகிராம்’ என்றால் முதலில் கேட்க வேண்டியது: எதை எடை போட்டீர்கள்?

இப்படி வைத்துக்கொள்வோம். 100 கிராம் காய்ந்த இலையிலிருந்து 10 கிராம் சாற்றுப்பொடி கிடைக்கிறது. அந்தப் பொடியில் நஞ்சுள்ள சேர்மம் 2 விழுக்காடு. மேலே சொன்ன அதே சோதனையை, அதே குஞ்சுகளை, அதே முடிவை இப்போது மூன்று விதமாக எழுதலாம்:

1. இலை எடையில் எழுதினால் 340. மூன்று படிகளுக்கும் வெளியே. எச்சரிக்கையே தேவையில்லாதது போலத் தோன்றும்.

2. சாற்றுப்பொடி எடையில் எழுதினால் 34. மூன்றாம் படி.

3. நஞ்சுள்ள சேர்மத்தின் எடையில் எழுதினால் 0.68. மிகக் கடுமையான முதல் படி.

யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் விளம்பரத்துக்கு எந்த எண் போகும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். இரண்டு செடிச் சாறுகளின் இசி50-ஐப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதற்கு முன், இரண்டும் ஒரே அடிப்படையில் எடை போடப்பட்டவையா என்று பார்க்காவிட்டால் ஒப்பீட்டுக்கு அர்த்தமே கிடையாது.

எதில் ஊற வைத்தார்கள் என்பதும் முக்கியம். தண்ணீரில் ஊற வைத்தால் ஒரு கூட்டம் இறங்கும், எத்தனாலில் வேறு கூட்டம், மெத்தனாலில் இன்னொன்று. ஆய்வுக் கூடம் மெத்தனால் சாற்றைச் சோதித்திருக்க, பாட்டிலில் இருப்பது வீட்டில் கொதிக்க வைத்த தண்ணீர்ச் சாறாக இருந்தால், தாளும் பாட்டிலும் வேறு வேறு பொருளைப் பற்றியவை. மழைக்காலத்தில் பறித்த இலைக்கும் வெயில் காலத்து இலைக்கும்கூட வேறுபாடு வரும்.

## கொன்றது நஞ்சா, வேறு எதாவதா?

பெத்தா மீன் வளர்ப்பவர்கள் தொட்டியில் கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலை போடுவார்கள். இரண்டு நாளில் தண்ணீர் கடுந்தேநீர் நிறத்துக்கு வந்துவிடும். மீனுக்கு நல்லது என்பார்கள். அளவோடு போட்டால் இருக்கலாம். ஒரு சிறு கிண்ணத்தில் நாலைந்து இலையைத் திணித்துவிட்டு மொய்னாவை விட்டுப் பாருங்கள், அடுத்த நாள் ஒன்றும் துள்ளாது. இலை நஞ்சா? அவசரப்பட்டுச் சொல்ல முடியாது. செடிச் சாற்றை ஒரு குப்பியில் விட்டால் ஒரே நேரத்தில் பல விஷயங்கள் மாறுகின்றன.

ஆக்ஸிஜன். சாற்றில் சர்க்கரையும் புரதமும் இருக்கும். பாக்டீரியாவுக்கு அது விருந்து. அவை பெருகித் தண்ணீரின் ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். 48 மணி நேரம் கழித்துப் பார்த்தால் குஞ்சுகள் மூச்சுத் திணறிக் கிடக்கும். முன்பு சொன்ன 3 மில்லிகிராம் விதி இதைப் பிடிக்கத்தான். அறிக்கையில் ஆக்ஸிஜன் அளவே இல்லை என்றால் அந்த 34-இல் எவ்வளவு நஞ்சு, எவ்வளவு மூச்சுத்திணறல் என்று பிரிக்க வழியில்லை. ஒரு வகையில் ஆற்றுக்கு இரண்டும் ஒன்றுதான், செத்தது செத்ததுதான். ஆனால் ஓடும் தண்ணீரில் மூச்சுத்திணறல் குறையும், நஞ்சு தொடரும். ஆகவே பிரித்துத் தெரிந்தாக வேண்டும்.

அமிலத்தன்மை. இலையின் துவர்ப்புப் பொருளான டேனின் பிஎச் அளவை இறக்கும். நிறமோ வேறு தொல்லை: கடும் பழுப்பு நீரில் ஒரு மில்லிமீட்டர்க் குஞ்சை எண்ணிப் பார்க்க முடியாமல் எத்தனையோ கணக்குகள் தவறும்.

எண்ணெய். வேப்பெண்ணெய் தண்ணீரில் கரையாது, படலமாக மிதக்கும். டாஃப்னியாக் குஞ்சு அந்தப் படலத்தில் சிக்கிக்கொண்டால் நீந்த முடியாது. அது வேதி நஞ்சல்ல; எண்ணெயில் ஒட்டிக்கொண்ட ஈ. கொசுப்புழு விஷயத்தில் இதே படலம் வேறு விதமாக வேலை செய்கிறது. கொசுப்புழு நீர்மட்டத்துக்கு வந்து குழாய் வழியாகக் காற்றை இழுக்கும். படலம் அந்தக் குழாயை அடைக்கும். மலேரியா காலத்து மலாயாவில் வாய்க்கால்களில் எண்ணெய் தெளித்ததும் இதை நம்பித்தான்.

எண்ணெயைக் கரைக்க வீட்டுத் தயாரிப்புகளில் பாத்திரம் கழுவும் திரவத்தைச் சேர்க்கச் சொல்வார்கள். அந்தத் திரவத்தில் உள்ள நுரைப்பொருள்களே லிட்டருக்குச் சில மில்லிகிராம் அளவில் டாஃப்னியாவை வீழ்த்தக் கூடியவை. வேம்பின் பெயரில் பழியோ புகழோ போய்ச் சேர, வேலையைச் செய்தது சோப்பாக இருக்கலாம். அதனால்தான் ஒழுங்கான சோதனையில் கரைப்பான் மட்டும் கலந்த தனிக் குப்பிகள் வேண்டும். கரைப்பானின் அளவும் லிட்டருக்கு 0.1 மில்லிலிட்டரைத் தாண்டக் கூடாது.

இன்னொன்று, சிதைவு. வேம்பின் அசாடிராக்டின் வெளிச்சத்தில் நிலைக்காது. ரோட்டினோனும் வெயிலிலும் வெப்பத்திலும் வேகமாக உடையும். காலையில் லிட்டருக்கு 34 மில்லிகிராம் ஊற்றிவிட்டு மறுநாள் மாலையில் குப்பியில் இருப்பது 10 என்றால், குஞ்சுகள் உண்மையில் சந்தித்தது 34 அல்ல. தொடக்கத்திலும் முடிவிலும் அளந்து, 20 விழுக்காட்டுக்கு மேல் மாறியிருந்தால் அளந்த செறிவை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். சாற்றில் இதைச் செய்வது கடினம், ஏனென்றால் கூட்டத்தில் யாரை அளப்பது? குறைந்தது ஒரு முக்கியச் சேர்மத்தையாவது அளந்தார்களா என்று பார்க்கலாம்.

## 48 மணி நேரத்தில் தெரியாதவை

வேம்பைப் பொறுத்தவரை இதுதான் மிகவும் சிக்கலான இடம் என்பது என் கருத்து. அசாடிராக்டின் பூச்சியை அடித்த உடனே வீழ்த்தும் வகை அல்ல. தோலுரிக்கச் சொல்லும் ஹார்மோனின் வேலையை அது குழப்புகிறது. டாஃப்னியாவும் கொசுவைப் போலவே தோலுரித்துத்தான் வளர்கிறது. பெரியவை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை உரித்து, அதோடு ஒட்டியே குஞ்சுகளை ஈனும். உரிப்பைக் குழப்பும் ஒரு பொருளை இரண்டே நாள் சோதித்துவிட்டு ‘பெரிய பாதிப்பில்லை’ என்பது, தேர்வு நடக்கும் முன்பே பிள்ளை தேறிவிட்டான் என்று சொல்வது போல.

இதற்கு ஓஇசிடி 211 என்ற 21 நாள் சோதனை இருக்கிறது. அதில் தாய் எத்தனை குஞ்சு ஈன்றது என்று எண்ணுவார்கள். செலவு அதிகம் என்பதால் சின்ன விற்பனையாளர்கள் அந்தப் பக்கம் போவது அரிது.

இடம் சார்ந்த கேள்வியும் உண்டு. டாஃப்னியா மாக்னா குளிர்நாட்டு உயிர். சோதனை நடப்பது 20 டிகிரியில். பினாங்கில் வெயில் படும் லோங்காங் தண்ணீர் 30 டிகிரியை நெருங்கும். சூட்டில் உயிர்களின் உடல் வேகமாக இயங்கும், தண்ணீரில் ஆக்ஸிஜனும் குறைவு. பல நஞ்சுகள் கடுமையாகும், சில வேகமாகச் சிதையும். எந்தப் பக்கம் சாயும் என்பது சாற்றைப் பொறுத்தது. அதனால்தான் வெப்பநாட்டு ஆய்வாளர்கள் மொய்னா போன்ற உள்ளூர் உயிர்களையும் சேர்க்கிறார்கள். மலேசியாவிலும் உள்ளூர் நன்னீர் இறால், நத்தை, ரத்தப் புழு வகைகளில் உலோக நச்சுச் சோதனைகள் நடந்திருக்கின்றன.

கொசுப்புழுச் சோதனை வேறு, இது வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் முறையில் வளர்ந்த கொசுப்புழுக்களை 25 வீதம் எடுத்து, 24 மணி நேரத்தில் எத்தனை செத்தன என்று பார்ப்பார்கள். அந்த எண் பொருள் வேலை செய்கிறதா என்று சொல்லும். டாஃப்னியா எண் பக்கத்து வீட்டுக்காரனுக்கு என்ன ஆகிறது என்று சொல்லும். கொசுவைக் கொல்ல லிட்டருக்கு 60 மில்லிகிராம் தேவைப்பட்டு, டாஃப்னியா 34-இலேயே விழுந்தால், ‘வேலை செய்யும் அளவு’ என்பதே பக்கத்து வீட்டைக் காலி செய்யும் அளவு. இரண்டு எண்ணையும் சேர்த்துத் தராத தாளில் பாதிக் கதைதான் இருக்கிறது.

## ஒரு பாட்டில், ஒரு லோங்காங்

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 சென்டிமீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர், உங்கள் வீட்டு முன்னால் 10 மீட்டர் நீளம். மொத்தம் 600 லிட்டர். பாட்டிலில் 250 மில்லிலிட்டர், அதில் 5 விழுக்காடு சாற்றுப்பொடி, அதாவது 12.5 கிராம். எல்லாவற்றையும் ஊற்றினால் லிட்டருக்கு ஏறக்குறைய 21 மில்லிகிராம்.

34-க்குக் கீழேதான், சரி. ஆனால் மேலே உள்ள பட்டியலில் 21 என்பது 12.5-க்கும் 25-க்கும் இடையே வருகிறது. நூற்றுக்கு 28 குஞ்சுகள் அளவில் விழும். இது இரண்டே நாளில், ஒரே வீட்டுக்காரர் ஊற்றியதில். வரிசையில் உள்ள வீடுகள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங் என்ற கூட்டுத் துப்புரவுப் பணியில் சேர்ந்து ஊற்றினால், ஓடும் தண்ணீர் நீர்த்துப்போகச் செய்யும் என்ற ஆறுதலும் போய்விடும். மழையில்லாத வாரத்தில் தண்ணீர் ஓடுவதே இல்லை.

ஐரோப்பிய நடைமுறையில், பாசி, டாஃப்னியா, மீன் மூன்றிலும் குறுங்காலச் சோதனை மட்டுமே செய்திருந்தால், கிடைத்ததில் மிகக் குறைந்த எண்ணை 1000-ஆல் வகுத்து அதைத்தான் கேடு விளைவிக்காத அளவாக எடுத்துக்கொள்கிறார்கள். சோதிக்காத உயிர்கள், சோதிக்காத நாட்கள் இரண்டுக்கும் சேர்த்து விடும் இடைவெளி அது. 34 என்றால் 0.034. நம் லோங்காங்கில் இருப்பது அதைப்போல 600 மடங்கு.

அரசு அளவீடுகள் இதைக் கவனிக்குமா? மலேசிய ஆறுகளின் நீர்த்தரக் குறியீடு ஆறு அளவுகளிலிருந்து வருகிறது: கரைந்த ஆக்ஸிஜன், உயிர்வேதி ஆக்ஸிஜன் தேவை, வேதி ஆக்ஸிஜன் தேவை, அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் திடப்பொருள், பிஎச். நச்சு அதில் இல்லை. ஓர் ஓடையில் மொய்னா எல்லாம் ஒழிந்துபோனாலும் குறியீடு அசையாமல் இருக்க முடியும்.

இதையெல்லாம் படித்துவிட்டு ரசாயன மருந்தே மேல் என்று யாரும் முடிவுக்கு வர வேண்டாம். கொசுப்புழுவுக்கு வழக்கமாகப் போடும் டெமிஃபோஸ், டாஃப்னியாவை லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் கீழேயே வீழ்த்தும். நம் எடுத்துக்காட்டுச் சாற்றைவிடப் பல்லாயிரம் மடங்கு கடுமை. வித்தியாசம் என்னவென்றால், அதை எவ்வளவு, எதில் போட வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பிடிஐ என்ற பாக்டீரியா இன்னொரு வகை. அதன் நஞ்சு கொசுப்புழுவின் காரத்தன்மையுள்ள குடலில்தான் விழித்துக்கொள்ளும் என்பதால் டாஃப்னியாவைப் பெரும்பாலும் விட்டுவிடும். ரத்தப் புழுவுக்கு மட்டும் அளவு கூடினால் ஆபத்து.

## தாளைக் கையில் வாங்கினால்

1. எந்த உயிர், எத்தனை மணி நேரம், எத்தனை டிகிரி?
2. மில்லிகிராம் என்றது இலையா, பொடியா, சேர்மமா? எதில் ஊற வைத்தது?
3. சாறு கலக்காத குப்பியிலும் கரைப்பான் குப்பியிலும் எத்தனை விழுந்தன? ஆக்ஸிஜனும் பிஎச்சும் எவ்வளவு?
4. கொசுப்புழுவுக்கு வேண்டிய அளவு எவ்வளவு?
5. பூச்சிக்கொல்லியாக விற்கிறார்கள் என்றால், 1974-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் பெற்ற பதிவு எண் லேபிளில் இருக்கிறதா?

டிங்கிக்காக என்றால் இன்னொன்றும் இருக்கிறது. ஏடிஸ் எஜிப்தி ஓடுகிற சாக்கடையில் முட்டையிடும் கொசு அல்ல. அதற்குப் பிடித்தது வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த தண்ணீர்: பூச்சட்டித் தட்டு, வாளி, பழைய டயர், சாமி மேடைக்குப் பக்கத்தில் மறந்துபோன செம்பு. லோங்காங்கில் புழு நெளிந்தால் அது பெரும்பாலும் கியூலெக்ஸ், இரவில் காதோரம் பாடும் வகை. பூச்சட்டித் தட்டைக் கவிழ்த்துக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும், வாரத்துக்கு ஒரு தடவை.